பச்சைக் கால்

ஐயோ அக்கா, கத்தரிக்கோலைக் கீழ வைங்க. இப்ப பிரிக்க வேணாம். பிரிக்கத்தான் வந்திருக்கேன், இல்லைன்னு சொல்லல, ஆனா இன்னொரு ஓவரால் வரணும். பச்சைக் கலர். அது வந்ததும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு ஒரே மூச்சுல முடிச்சிரலாம். வந்துரும், வந்துரும். கொண்டு வர்றவன் வழியிலதான் இருக்கான். நீங்க கடையை மட்டும் சாத்திராதீங்க. நாளைக்கு வாப்பு, மே தினத் திருவிழா. இன்னைக்கு விட்டா மே மாசம் பொறந்து தலைவலி தெளியற வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தரும் ஊசியைக் கையில எடுக்க மாட்டாங்க.

அதுவா? அது நூல் இல்லக்கா. மோந்து பாருங்க. புதினா வாசம் வருதா? பல்லு இடுக்குல விட்டு இழுப்போமே, அந்த நூலு. சிரிக்காதீங்க, எங்க பசங்க எல்லாரும் அதுலதான் தைக்கிறாங்க. சாதா நூல்ல தைச்சா ஒரு பார்ட்டி தாங்காது. இதை இழுத்தா நம்ம கையிதான் அறும், நூல் அறாது. பல்லு விளக்கறானோ இல்லையோ, ஒவ்வொருத்தன் அறையிலயும் ஒரு டப்பா இருக்கும்.

இல்லக்கா, உக்காரல. நின்னுக்கறேன். உக்காந்தா காலு தானா ஆடும், அப்புறம் உங்க மேசை ஆடும், உங்க மெஷினு ஆடும். எங்கம்மா சின்ன வயசுலயே சொல்லுவாங்க, ஹில்லா, உன் நாற்காலிக்கு மட்டும் ஏன் ஒரு காலு எப்பவும் குட்டையா இருக்குன்னு. நான் நல்லாத்தான் இருக்கேன். காப்பி அதிகமாயிடுச்சு, அவ்வளவுதான்.

ஆமா, உங்க கதவு மணி என்ன இப்படிக் கத்துது? நான் உள்ள வர்றப்ப தூக்கிவாரிப் போட்டுது. அதைக் கொஞ்ச நேரம் கழட்டி வைக்கலாமா? இல்ல, ஒரு துணியைச் சுத்திட்டாக் கூடப் போதும். தலைவலிக்கா. நானே ஏறிக் கட்டறேன், அந்த ஸ்டூலைத் தாங்க. இதோ, ஆச்சு. இப்ப யாராவது வந்தா, கூச்சப்பட்டு இருமற மாதிரி ஒரு சத்தம் வரும், அது போதும். போறப்ப அவுத்து விட்டுடறேன், சத்தியமா.

இன்னொரு உதவி. கண்ணாடிக்குப் பக்கத்துல கவுன் போட்டு நிக்குதே இந்தப் பொம்மை, இதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்தட்டுமா? ரோடு மறைக்குது. எந்த பஸ் வருதுன்னு தெரியணும்ல. அப்படியே. ரொம்ப நன்றிக்கா. நீங்க அந்த வேட்டைக்காரர் ஜாக்கெட்டுக்கு ஜிப்பு வைங்க, உங்க வேலை கெட வேணாம். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருப்பேன், காதுல போட்டாப் போடுங்க, இல்லைன்னா விடுங்க.

ஓ, நீங்க பல்கலைக்கழகம் பக்கமே போனதில்லையா? அப்ப வருஷா வருஷம் வாப்புக்கு எங்களைத் தெருவுல பாத்துட்டு, யாருடா இந்த மெக்கானிக் கூட்டம்னு நெனச்சிருப்பீங்க. மெக்கானிக் இல்லக்கா, ஸ்டூடன்ட்ஸ். ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு கலரு. எங்களுக்குச் சிவப்பு, நாங்க வாத்தியார் படிப்பு. காடு படிக்கிறவங்களுக்குப் பச்சை. இந்த பேட்ஜு எல்லாம் ஒண்ணொண்ணும் ஒரு கூத்து. இது கரோக்கேக்குப் போனது. இது தட்டு எறியற போட்டி. தெரியும்ல, காட்டுக்குள்ள மரத்துக்கு நடுவுல தட்டை எறிஞ்சு சங்கிலிக் கூடையில விழ வைக்கணும், அந்த ஆட்டம். எனக்குக் கூடையைத் தவிர எல்லாத்துலயும் விழும். ஒருதடவை ஒரு நாய்க்காரர் தொப்பியில விழுந்துச்சு. இது ரோன்யா எனக்காக அவளே எம்பிராய்டரி பண்ணது. ரோன்யா என் சிநேகிதி, எங்க சங்கத்துக்குத் தலைவி. என்ன எழுதியிருக்குன்னு படிக்காதீங்க, உங்க முன்னாடி வெக்கமா இருக்கு.

இந்த ஓவராலுக்கு ஒரு சட்டம் உண்டு. துவைக்கவே கூடாது. மெஷினுல போட்டா போச்சு, மானம் மரியாதை போச்சு, அவனைச் சங்கத்து அறையில சோபாவுல உக்கார விட மாட்டாங்க. அழுக்குதான்க்கா கணக்கு. ரொம்ப நாறுச்சுன்னா ஒரு வழி இருக்கு, அதைப் போட்டுக்கிட்டே ஏரியில குதிக்கணும். குதிச்சு ஏறினா அது துவைச்ச மாதிரி. உடம்புல இல்லாம தண்ணி படக் கூடாது. உங்களுக்கு அருவருப்பா இருக்கா? கையுறை போட்டுக்கங்க, தப்பா நினைக்க மாட்டேன்.

இந்தப் பச்சைக் காலா? அதுக்குத்தானே வரேன். ஜோடியா ஆயிட்டா ஒரு காலை மாத்திக்குவோம். முழங்காலுக்குக் கீழ வெட்டி, என்னோடது அவனுக்கு, அவனோடது எனக்கு. மோதிரம் கீதிரம் எல்லாம் எங்களுக்குக் கட்டுப்படி ஆகாது, இது போதும். ரோட்டுல போறவன் பாத்தவுடனே தெரிஞ்சுக்குவான், ஓ, இவளுக்கு ஆள் இருக்கு, அந்த ஆள் காட்டுக்காரன்னு. ஆமா, தையல் கோணலாத்தான் இருக்கு. கோணலா வெட்டினது நான். அவன் மரத்தைச் சுத்தி அளக்கற டேப்பை எடுத்துட்டு வந்து, ரெண்டு தடவை அளந்து, சாக்பீஸ்ல கோடு போட்டு, நேரா வெட்டினான். நான் பேச்சு சுவாரசியத்துல வெட்டினேன். அவன் கோணலைப் பாத்தான், என்னைப் பாத்தான், ஒண்ணும் சொல்லாம தன் துணியையும் அதே கோணத்துக்கு மறுபடி வெட்டினான். அவன் அப்படித்தான்.

ஒட்சோன்னு பேரு.

எப்படிப் பழக்கமா? பிப்ரவரியில மேட்டுல சறுக்குற விழா வரும்ல. ஒவ்வொரு சங்கமும் கண்டதுல சக்கரம் இல்லாம ஒரு வண்டி பண்ணிட்டு வரணும். நாங்க குளியல் தொட்டி. காட்டுக்காரங்க ஒரு பழைய சோபா, அடியில பனிச்சறுக்குக் கட்டையை ஆணியடிச்சு வச்சிருந்தாங்க. எங்க தொட்டிக்கு பிரேக்கே கிடையாது, அதை யாரும் யோசிக்கல. அவங்க சோபாவுக்கு பிரேக்கு இருந்துச்சு. அதுதான் ஒட்சோ. பின்னாடி உக்காந்து காலைப் பனியில ஊணி நிறுத்தணும், அதுதான் அவன் வேலை. நாங்க போய் அந்த சோபாவை நடுவுல இடிச்சோம் பாருங்க, ரெண்டு சங்கமும் ஒரே குவியல். எல்லாரும் எழுந்து கத்தறாங்க, சிரிக்கிறாங்க, சண்டை போடறாங்க. இவன் மட்டும் உக்காந்து முழங்கால்ல கிழிஞ்ச துணியைப் பாத்துக்கிட்டு, என்கிட்ட மெதுவாக் கேக்கறான், உன்கிட்ட பல் நூல் இருக்கான்னு. இருந்துச்சு. குளிர்ல விரலு மரத்துப் போயி ஊசி கோக்க முடியல, நான் கோத்துக் குடுத்தேன். அவ்வளவுதான்க்கா. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

அது என்ன பஸ்ஸு, உங்களுக்குத் தெரியுதா? ஏரிப் பக்கம் போறதா? நிக்குதா? சரி. போயிடுச்சு. ஒண்ணும் இல்ல, சும்மா கேட்டேன்.

நாங்க ரெண்டு பேரும் சேந்தா பொழுது போறது தெரியாது. பெருசா ஒண்ணும் இல்ல, செலவில்லாத சந்தோஷம்தான். வியாழக்கிழமை ஆனா கேன்டீன்ல பட்டாணி சூப்பும் அப்பமும். சூப்பு எனக்குப் பிடிக்காது, அப்பம் அவனுக்குப் பிடிக்காது, அதனால தட்டை மாத்தி மாத்தி ஒரு வியாபாரம் நடக்கும். எங்க கட்டடத்து சவுனா, அந்த ஆவிக் குளியல் அறை, வாரத்துல ஒரு நாள் எங்களுக்கு. அதுல யாரு மேல் படியில அதிக நேரம் உக்காருவாங்கன்னு பந்தயம். அவன் ஜெயிக்க மாட்டான்னு நெனப்பேன், பாத்தா அங்கேயே தூங்கிட்டு இருப்பான். கரோக்கேக்கு இழுத்துட்டுப் போனா, அவன் வெக்கப்பட்டுக்கிட்டே மைக்கை வாங்குவான், கண்ணை மூடிக்கிட்டு ஒரு பழைய டாங்கோ பாடுவான் பாருங்க, பீரு குடிக்க வந்த கெழவங்க எல்லாம் கிளாஸைக் கீழ வச்சிருவாங்க. பாட்டு முடிஞ்சதும் மைக்கைத் துடைச்சுக் குடுப்பான். எனக்குச் சிரிப்பா வரும். இப்ப நெனச்சா சிரிப்பு வரல.

போன செப்டம்பர்ல தட்டு எறியக் கூப்பிட்டேன். மழை வருதுன்னான். வரல, வெயிலு அடிச்சுது. சரி, சோம்பேறின்னு விட்டேன். அடுத்த வாரம் சவுனா நாள், தலைவலின்னான். அதுக்கடுத்து கரோக்கே, தொண்டை சரியில்லைன்னான். பட்டாணி சூப்புக்குக் கூட வரல, எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருந்தான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லக்கா, வராம இருக்கறதுக்குத்தான் அவ்வளவு பேச்சு. அப்புறம் அந்தக் காரணமும் நின்னு போச்சு. நவம்பர்ல இருட்டிருச்சு, நம்ம ஊரு நவம்பர் தெரியுமே, மத்தியானமே ராத்திரி. அவனுக்கு உள்ளுக்குள்ளயும் இருட்டிருச்சு.

ரோன்யா ஒரு நாள் வாய்த்துடுக்கா சொன்னா, மரம் படிச்சுப் படிச்சு உன் ஆளு மரமாவே ஆயிட்டாண்டின்னு. அவளோட நான் ரெண்டு வாரம் பேசல. பேசாம இருக்க என்னால முடியுமா? முடிஞ்சுது.

டாக்டர் எல்லாம் பாத்தாச்சுக்கா. ஃபோன்ல பேசறாங்க, மாத்திரை எழுதறாங்க, நான் வாங்கிட்டு வந்து குடுக்கறேன். அவங்கம்மா குவோப்பியோலேர்ந்து வந்து பத்து நாள் இருந்தாங்க. எல்லாம் நடக்குது. ஆனா ஆளு அறையை விட்டு வரல. சரி, நீ வரலைன்னா விளையாட்டை உன்கிட்ட கொண்டு வர்றேன்னு நான் தூக்கிட்டுப் போனேன். சங்கத்து அறையில இருக்கற போர்டு கேம் அத்தனையும் ஸ்லெட்டு வண்டியில கட்டி இழுத்துட்டுப் போனேன், பனியில. அவன் கட்டிலு மேல விரிச்சு வச்சு, அவனுக்கும் நானே ஆடி, எனக்கும் நானே ஆடி, அவனே ஜெயிக்கற மாதிரி பண்ணி, கைதட்டி. படம் சேக்கற புதிர் ஒண்ணு, காட்டுப் படம், முழுக்கப் பச்சை. நான்தான் முட்டாள்தனமா அதை எடுத்துட்டுப் போனேன். ஓரத்தை மட்டும் சேத்தோம். நடுவுல அப்படியே ஓட்டையாக் கிடந்துச்சு.

நியூ இயருக்கு அப்புறம் கதவைத் திறக்கறதையும் விட்டுட்டான். இருக்கான், உயிரோட இருக்கான், மூச்சு கேக்கும். நான் படிக்கட்டுல உக்காந்து, கதவுல தபால் போடற ஓட்டை இருக்குல்ல, அது வழியாப் பேசுவேன். பேசிப் பேசி எனக்கே போரடிச்சு, ஒரு நாள் சீட்டுக்கட்டை எடுத்துட்டுப் போனேன். பாதியை ஓட்டை வழியா உள்ள தள்ளினேன். நான் ஒரு சீட்டு போட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, உள்ளேர்ந்து ஒரு சீட்டு வந்து என் மடியில விழுந்துச்சு. அக்கா, அன்னைக்கு நான் படிக்கட்டுல உக்காந்து அழுதேன், சந்தோஷத்துல. பக்கத்து வீட்டுப் பையன் பைத்தியம்னு நெனச்சுட்டுப் போனான். அப்படியே ஜனவரி, பிப்ரவரி பூரா, ஓட்டை வழியா ஆடினோம். ஆட்டத்துக்குப் பேரு கிடையாது, சட்டம் கிடையாது, யாரு ஜெயிச்சான்னும் தெரியாது. நான் ஒண்ணு போட்டா அவன் ஒண்ணு போடணும், அவ்வளவுதான்.

மார்ச்சுல அதுவும் நின்னு போச்சு. கட்டுல ஒரு சீட்டு அவன்கிட்டயே தங்கிடுச்சு. நான் போட்டுட்டு உக்காந்திருப்பேன், வராது. திரும்பி வந்துருவேன். மறுநாள் போவேன்.

நீங்க ஏன்க்கா மெஷினை நிறுத்திட்டீங்க? ஓட்டுங்க, ஓட்டுங்க. எனக்குச் சத்தம் இருந்தாத்தான் பேச வரும்.

அப்புறம் போன வாரம், அவன் கதவுக் கைப்பிடியில ஒரு பை தொங்குது. இதோ, இந்தப் பைதான். என் பேரு எழுதியிருந்துச்சு. உள்ள பாத்தா என் சிவப்புக் காலு. அவன் ஓவரால்ல இருந்த என்னோட காலு. பல் நூலை ஒவ்வொரு தையலாப் பிரிச்சிருக்கான், துணியில ஒரு கீறல் கிடையாது, பாருங்க. மடிச்சு வச்சிருக்கான். அதோட விட்டானா? துவைச்சிருக்கான்க்கா! துவைச்சு, காய வச்சு, இஸ்திரி போட்டிருக்கான்! சோப்பு வாசம் வருது பாருங்க. பட்டாணி சூப்பு கறை போச்சு. தொட்டியில விழுந்தப்ப ஒட்டின தாரு போச்சு. ஏரியோட சேறு போச்சு. கரோக்கே பேட்ஜு சாயம் போயி எழுத்தே தெரியல. துணி சுருங்கிருச்சு, அளந்து பாருங்க, விரக்கடை குட்டை. மூணு வருஷத்து வாழ்க்கையைத் தண்ணியில விட்டுட்டான். பல்கலைக்கழகத்துல கால் வைச்ச எவனும் பண்ண மாட்டான் இந்தக் காரியத்தை!

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். இத்தனை மாசத்துல அவன் மேல எனக்குக் கோவமே வந்ததில்ல, பயம்தான் வந்துச்சு. அன்னைக்குத்தான் வந்துச்சு. கதவைக் கையால குத்தினேன், காலால உதைச்சேன். துவைச்சியாடா, யாரைக் கேட்டுடா துவைச்சே, மெஷினா கையான்னு கத்தினேன். ரொம்ப நேரம் கழிச்சு ஓட்டை வழியா, கையாலதான்னு ஒரு குரல் வந்துச்சு. அத்தனை வாரத்துக்கு அப்புறம் அந்த ஒரு வார்த்தை. கையாலதான்.

அப்புறம் அவனே பேசினான். அழுக்கா உனக்குத் திருப்பிக் குடுக்க மனசு வரலைன்னான். அடுத்த வாரம் வாப்பு வருது, உன் காலைப் போட்டுக்கிட்டு நீ போ, எல்லார் கூடயும் ஏரிக்கரையில ஆடு, என் காலை இழுத்துக்கிட்டு நீ எத்தனை காலம் திரியுவேன்னான். கோவமா இல்லக்கா, அன்பாச் சொன்னான். அதுதான் தாங்க முடியல. என்னை விட்டுட்டுப் போறதுக்கு இஸ்திரி போட்டுக் குடுத்திருக்கான்.

ஆமா. பிரிஞ்சிட்டோம்னுதான் அர்த்தம். அவனைப் பொறுத்த வரைக்கும்.

எனக்கு வாயில வந்ததைச் சொன்னேன். இதோ பாரு ஒட்சோ, ஒரு காலைப் பையில போட்டுத் தொங்க விட்டா ஆச்சா? உன் காலு என்கிட்ட இருக்கு. அதை நான் கொண்டாந்து உன் கைப்பிடியில மாட்ட மாட்டேன். உனக்குப் பிரியணும்னா முறையாப் பிரி. சந்தைக்குப் பின்னாடி தையக்கடை இருக்கு, வாப்புக்கு முந்தின நாள் அங்க நான் என் ஓவராலை எடுத்துட்டு வர்றேன், நீ உன்னோடதை எடுத்துட்டு, நீயா, உன் காலால நடந்து வா. அந்த அக்கா முன்னாடி மேசையில ரெண்டையும் போட்டு, பிரிச்சு, அவங்கவங்க காலை அவங்கவங்களுக்குத் தைச்சு வாங்கிட்டுப் போயிடலாம். நீ வந்துட்டா, நான் ஒரு வார்த்தை பேசாம உன்னை விட்டுடறேன். அழ மாட்டேன், தொங்க மாட்டேன், தபால் ஓட்டை பக்கமே வர மாட்டேன். வரலைன்னா இந்தப் பச்சைக் காலு எனக்கு, நீயும் எனக்குத்தான், தினம் வந்து கதவை உடைப்பேன். இப்படிச் சொல்லிட்டேன். சொல்லிட்டு மூச்சு வாங்க நின்னேன்.

சரி, இவன் எங்க வரப் போறான்னு திரும்பினேன். பின்னாடி ஓட்டை திறக்கற சத்தம். ஒரு சீட்டு விழுந்துச்சு. அவன்கிட்ட தங்கியிருந்த சீட்டு. டைமன் அஞ்சு. கோட்டுப் பையிலதான் வச்சிருக்கேன், காட்டறேன் இருங்க. இது. ஓரம் எல்லாம் நைஞ்சு போச்சு, கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்திருப்பான் போல.

நான் பண்ணது சரியா தப்பா, எனக்குத் தெரியலக்கா. ரோன்யாகிட்ட சொன்னேன். அவ சிமா பண்ணிக்கிட்டு இருந்தா, வாப்புக்குக் குடிக்கற எலுமிச்சைப் பானம், நாளைக்கு எல்லாருக்கும் வாளி நிறைய, புளிச்சு உலர்ந்த திராட்சை மேல மிதந்து வருதான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டே சொல்றா, நல்லா மாட்டிக்கிட்டேடி, அவன் வந்தாலும் உனக்கு நஷ்டம், வரலைன்னாலும் நஷ்டம்னு. அவ கணக்கு அவளுக்கு.

என்ன கேட்டீங்க? வழியில இருக்கான்னு சொன்னேனே, எங்க இருக்கான்னா?

அதோ இருக்கான்க்கா. எதிர்ல, பஸ் ஸ்டாப்பு பெஞ்சு. திரும்பாதீங்க! திரும்பாதீங்க, ஜிப்பைப் பாருங்க. நான் பாத்துச் சொல்றேன். சாம்பல் குல்லா, மடியில ஒரு பை. நான் உங்க கடைக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே உக்காந்துட்டான். ஒரே பஸ்ஸுலதான் வந்தோம். நான் முன்னாடி, அவன் கடைசி சீட்டு. நான் காலையில போயி அவன் படிக்கட்டுக்குக் கீழ நின்னேன், மேல பாக்கல. கதவு திறந்துச்சு, மூடிச்சு, திறந்துச்சு. ஒரு படி, அப்புறம் ஒண்ணும் இல்ல. அப்புறம் இன்னொரு படி. எனக்கு முன்னாடி நடக்கறியா, பின்னாடி வர்றியான்னு கேக்கல, நான் பாட்டுக்கு நடந்தேன். பின்னாடி செருப்புச் சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. இறங்கினதும் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டான். மூஞ்சி வெளுத்துப் போச்சு. நீ போ, நான் வர்றேன்னான். கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கலாம். இழுத்தா அது நான் வந்த மாதிரி, அவன் வந்த மாதிரி ஆகாதுல்ல?

அதான் மணிக்குத் துணி சுத்தினேன். அதான் உங்க பொம்மையை நகத்தினேன். அதான்க்கா இந்தப் பேச்சு எல்லாம், நீங்க கடையைச் சாத்திரக் கூடாதுன்னு. நடுவுல ரோடுதான் இருக்கு, ஒரு ரோடு. இத்தனை மாசமா ஒரு வாசப்படியைத் தாண்டாதவனுக்கு அது எவ்வளவு பெரிய ரோடுன்னு எனக்குத்தான் தெரியும். இதுவரைக்கும் மூணு பஸ்ஸு வந்துச்சு, வீட்டுக்குப் போற பஸ்ஸு. மூணையும் அவன் நிமிந்து பாத்தான். ஏறல.

வந்தா என்ன பண்றதா? சொன்னபடிதான். பிரிச்சுத் தைச்சுக் குடுங்க. அவன் உள்ள வந்துட்டா எங்க கதை முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதா? நானேதானே சொன்னேன். நாளைக்கு நான் குட்டையாப் போன காலோட ஏரிக்கரையில நிப்பேன், எல்லாரும் கேப்பாங்க, பச்சை எங்கடின்னு. கேக்கட்டும். அவன் ரெண்டு பச்சைக் காலோட எங்கயாவது வெளிய, வெயில்ல, நடந்துக்கிட்டு இருந்தான்னா எனக்குப் போதும். இல்ல, போதாது. பொய் சொல்றேன். போதவே போதாது. ஆனாலும் வரட்டும்க்கா. வரட்டும்.

இந்த மண்ணு கூட்டற வண்டிக்கு இப்பத்தானா நேரம் பாத்துச்சு! புழுதியைக் கிளப்பிட்டான், ஒண்ணும் தெரியல. அதுக்குப் பின்னாடி பஸ்ஸு வேற. நிக்குது. கதவு திறக்குது. யாரோ ஏறறாங்க. யாருன்னு தெரியல. நகருடா, நகரு.

போயிடுச்சு.

பெஞ்சு காலி.

பெஞ்சுல யாரும் இல்லக்கா. ஏறிட்டான். ஏறிட்டான் போல. பரவால்ல. இவ்வளவு தூரம் வந்தான்ல, அதுவே பெருசு. நாளைக்குக் கதவைத் தட்டுவேன், நாளன்னைக்கும் தட்டுவேன், வேற என்ன வேலை எனக்கு. அந்தப் பையைக் குடுங்க, நான் எடுத்துக்கறேன், நீங்க கடையை...

இருங்க.

ரோட்டு நடுவுல நிக்கறான். பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கறான், காரு ஒண்ணு நின்னு வழி விடுது, இவன் தலையைக் குனிஞ்சு அந்தக் காருக்கு நன்றி சொல்றான். பைத்தியம். நடக்கறான்க்கா.

பாக்காதீங்க. குனிஞ்சுக்கங்க. கதவை நாம திறக்க வேணாம், அவனே திறக்கட்டும். என் மூஞ்சியில ஒண்ணும் ஒட்டலையே? சரி.

கத்தரிக்கோலைக் கையில எடுத்துக்கங்கக்கா.